ஒரு மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர்

2005 ஆகஸ்டில் ஹிலரி லிஸ்டர் என்ற ஆங்கிலேயப் பெண் தனியாகப் பாய்மரப் படகு ஓட்டி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். கழுத்துக்குக் கீழே அவரால் எந்த உறுப்பையும் அசைக்க முடியாது. வாயருகே பொருத்திய உறிஞ்சுகுழல்களைக் கொண்டுதான் படகை ஓட்டினார். குழலில் மெல்ல ஊதினால் சுக்கான் ஒரு பக்கம் திரும்பும். உறிஞ்சினால் மறுபக்கம் திரும்பும். பாயை இழுப்பதும் தளர்த்துவதும் அப்படியே. குழலுக்குள் அழுத்தம் கூடுகிறதா குறைகிறதா என்பதை ஓர் உணரி கவனித்து மின்மோட்டாருக்குச் சொல்லிவிடும். 2009-இல் இதே முறையில் பிரிட்டனைச் சுற்றி வந்தார். 2014-இல் ஓமன் நாட்டு மாலுமி நஷ்வா அல் கிந்தியுடன் மும்பையிலிருந்து கிளம்பி, அரபிக்கடலைக் கடந்து மஸ்கட் சேர்ந்தார்.

மூச்சை வைத்துக்கொண்டே கடலைக் கடக்க முடியும் என்றால், கைகள் நன்றாக இயங்கும் ஒருவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார் என்பதற்காகப் பாய்மரப் படகு கற்க முடியாமல் போவது ஏன்? சாதனைச் செய்திகள் இதற்குப் பதில் சொல்வதில்லை. பதில் கரையிலேயே, கார் நிற்கும் இடத்துக்கும் படகின் இருக்கைக்கும் நடுவில் கிடக்கிறது. மாற்றுத்திறனாளிகள் படகு கற்க ஏற்ற இடம் எது என்று தேடுகிறவர்கள் அளக்க வேண்டியது அந்தத் தூரத்தைத்தான். அளக்கப் போனால் ஓதம், காற்று, நெம்புகோல், உடல்வெப்பம் என்று பள்ளியில் படித்த அறிவியல் ஒவ்வொன்றாக எதிரே வருகிறது.

நிமிர்த்துவது யார்?

முதலில் படகைப் பார்த்துவிடுவோம். பயிற்சிக்கு உதவும் சாதாரணச் சிறு பாய்மரப் படகில் ஓட்டுபவரின் உடம்பும் ஒரு பாகம். பாயில் காற்று விழுந்ததும் படகு ஒரு பக்கம் சாயும். ஓட்டுபவர் எதிர் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, தரையில் கட்டிய பட்டையில் பாதங்களைக் கோத்துக்கொண்டு, முதுகை நீருக்கு மேல் சாய்த்துத் தன் எடையால் அதை நிமிர்த்துவார். படகு திசை மாறினால் பாயின் அடிக்கட்டைக்குக் கீழே குனிந்து மறுவிளிம்புக்குத் தாவ வேண்டும். கவிழ்ந்தால் நீந்திப் போய் நிமிர்த்தி மறுபடி ஏற வேண்டும். காலும் இடுப்பும் ஒத்துழைக்காதவருக்கு இது ஆகாத காரியம்.

விடை தஞ்சாவூர்ப் பொம்மையில் இருக்கிறது. அடியில் கனம் இருப்பதால் எப்படித் தள்ளினாலும் அது நிமிர்ந்துகொள்ளும். ஆஸ்திரேலியாவின் கிறிஸ் மிட்செல் வடிவமைத்த ஹன்சா வகைப் படகுகள் அதே தத்துவத்தில் ஓடுகின்றன. ஹன்சா 303-இன் நீளம் பெயரிலேயே இருக்கிறது: 3.03 மீட்டர். அதன் வயிற்றுக்குக் கீழே நீருக்குள் 30 கிலோ எடைத்தகடு ஒன்று இறங்குகிறது. துணி இருக்கை தரையை ஒட்டித் தாழத் தொங்குவதால் உட்கார்ந்தவரின் எடையும் தகட்டுக்குத் துணை சேர்கிறது. முகம் முன்னோக்கி இருக்கும். சுக்கானைத் திருப்ப நடுவில் ஒரு ஜாய்ஸ்டிக். பாய்க்கயிறுகள் கைக்கெட்டும் தூரத்தில். காற்று எந்தப் பக்கம் வந்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

எடைத்தகடு வேலை செய்யும் விதம் அழகானது. படகு நேராக நிற்கும்போது தகடு சரியாக அடியில் இருக்கும். அதற்கு வேலை இல்லை. படகு சாயத் தொடங்கியதும் தகடு பக்கவாட்டில் விலகுகிறது, நெம்புகோலின் கை நீள்கிறது. சாயச் சாய நிமிர்த்தும் விசை கூடுகிறது. அதே நேரம் சாய்ந்த பாய் காற்றுக்குக் காட்டும் பரப்பு குறைகிறது. காற்று அதன் மேல் வழிந்து போய்விடுகிறது. கவிழ்க்கப் பார்ப்பது தளர, நிமிர்த்தப் பார்ப்பது வலுக்க, நடுவில் ஓரிடத்தில் இரண்டும் சமாதானத்துக்கு வந்துவிடுகின்றன.

காற்று முரடானால் பாயையே குறைத்துக்கொள்ளலாம். காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 நாட் வேகத்தில் வீசும் காற்று 14 நாட் ஆனால் வேகம் என்னவோ ஐந்தில் இரண்டு பங்குதான் கூடியிருக்கும். பாயின் மேல் விழும் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகியிருக்கும். அதனால் ஹன்சாவில் ஒரு கயிற்றை இழுத்தால் பாய்மரம் சுழன்று, பாய் அதன் மேல் சுருண்டுகொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள்.

போட்டிப் படகுகளில் இது இன்னும் தீவிரம். ஸ்வீடனின் பீட்டர் நோர்லின் வரைந்த 2.4 எம்.ஆர். படகின் எடை சுமார் 260 கிலோ. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அடியில் உள்ள கனம். மார்பளவு உள்ளே அமர்ந்து ஓட்டும் இந்தப் படகில் தாவும் வலுவுக்கு எந்த மதிப்பும் இல்லை. ஆகவே மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சலுகை ஏதும் இல்லாமல் ஒரே பந்தயத்தில் மோதுகிறார்கள். 2012 லண்டன் பாராலிம்பிக்கில் இந்தப் பிரிவில் ஆண்களோடு போட்டியிட்டுத் தங்கம் வென்றவர் ஹெலனா லூகாஸ் என்ற பெண். கனடாவின் வான்கூவரில், கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த சாம் சல்லிவன் 1989-இல் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு பாய்மரப் படகுச் சங்கம் தொடங்கினார்; பின்னாளில் அந்த நகரத்துக்கே மேயரானார். அங்கு உருவான மார்ட்டின் 16 படகில் ஊதி உறிஞ்சி ஓட்டும் கருவியையும் பொருத்தலாம்.

ஆக, படகு என்ற கணக்குக்கு விடை கிடைத்துச் சில பத்தாண்டுகள் ஆகிவிட்டன. மிச்சமிருப்பது கரை.

நீர் வற்றினால் பாலம் செங்குத்து

படகில் ஏற வசதியானது மிதவைத் துறை. நீர் ஏறினால் தானும் ஏறி, இறங்கினால் தானும் இறங்குவதால் துறைக்கும் படகுக்கும் இடையிலான உயரம் மாறாது. ஆனால் மாறாத கரையையும் மாறும் மிதவையையும் ஏதாவது ஒன்று இணைக்க வேண்டுமே? அதுதான் இறங்குபாலம். கரைப்பக்கம் கீலில் மாட்டி, மறுமுனையை மிதவையின் மேல் வைத்திருப்பார்கள். ஓதம் நிறைந்திருக்கும்போது அது கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். நீர் வற்றும்போது மலைச்சரிவு ஆகிவிடும்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் சொல்லும் அளவு 1:12. ஒரு மீட்டர் இறங்கப் பன்னிரண்டு மீட்டர் நீளம் வேண்டும். நாற்காலியும் ஆளுமாக 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்தச் சரிவில் மேலே ஏற்ற ஏழரை கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை போதும். அதே 12 மீட்டர்ப் பாலம் மூன்று மீட்டர் இறங்கிவிட்டால் சரிவு 1:4. தள்ளுவிசை 22 கிலோ. ஈரமான அலுமினியத் தரையில், களைத்துத் திரும்பும் நேரத்தில், இது தோள்பட்டையால் ஆகிற வேலையில்லை.

இனி இடங்களைப் பாருங்கள். லண்டன் போட்டிகளின் பாய்மரப் பந்தயங்கள் நடந்த போர்ட்லாந்து துறைமுகத்தில் பெரிய ஓத நாட்களிலும் நீர்மட்டம் சுமார் இரண்டு மீட்டர்தான் மாறும். 24 மீட்டர்ப் பாலம் போட்டால் சமாளிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி தரும் அமைப்பு ஒன்று அங்கே இயங்குகிறது. அதே நாட்டின் பிரிஸ்டல் கால்வாயில், ஏவன்மவுத் அருகே, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 14 மீட்டர் வரை வித்தியாசம் வரும். கணக்குப்படி 168 மீட்டர்ப் பாலம் வேண்டும், யாரும் கட்டப்போவதில்லை. அமெரிக்க விதிமுறை இந்தச் சங்கடத்தை ஒப்புக்கொண்டே எழுதப்பட்டிருக்கிறது: பெரிய படகுத்துறையில் இறங்குபாலம் 80 அடி நீளம் இருந்தால் சரிவு 1:12-ஐத் தாண்டினாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. விதியை நிறைவேற்றிய துறையில்கூட நாளில் சில மணி நேரம் ஏற முடியாமல் போகலாம் என்பது இதன் பொருள்.

பிரிட்டனில் செய்லபிலிட்டி என்ற பெயரில் நடக்கும் பயிற்சி மையங்கள் பல, கடலை விட்டுவிட்டு ஏரிகளையும் நீர்த்தேக்கங்களையும் நாடியதன் பலன் இங்கே புரியும். 1970-களில் உருவான ரட்லண்ட் நீர்த்தேக்கம் சுமார் 12 சதுர கிலோமீட்டர் பரப்பு. அங்கே ஓதம் கிடையாது. நீர்மட்டம் மாறினாலும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்தான் மாறும். காலையில் இறங்கிய சரிவிலேயே மாலையில் ஏறி வரலாம்.

மிதவையிலும் பார்க்க வேண்டியது இருக்கிறது. அகலம் குறைந்த மிதவையில் நாற்காலி ஓரத்துக்கு நகர்ந்தாலே அது சாயும். மிதக்கும் தளத்தின் அகலத்தை இரட்டித்தால் சாய்வை எதிர்க்கும் திறன் எட்டு மடங்காகும். அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது அது. பலகைகள் நடைதிசைக்குக் குறுக்கே பதிந்திருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் நாற்காலியின் சிறிய முன்சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். கரைப் பாதையில் கூழாங்கல் கொட்டியிருந்தால் அழகுதான். அந்த முன்சக்கரத்துக்கு அது புதைகுழி.

கடைசி அரை மீட்டர்

நாற்காலி துறையின் விளிம்புக்கு வந்துவிட்டது. இருக்கை தளத்திலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படகின் இருக்கையோ தளத்துக்கும் கீழே. உயரமான உல்லாசப் படகுகளுக்காகக் கட்டிய துறை என்றால் மொத்த இறக்கம் ஒரு மீட்டரைத் தொட்டுவிடும். பெரிய படகுகள் நிற்கும் பகட்டான துறைகளைவிட, நீரை ஒட்டிய தாழ்வான சின்ன மிதவை இந்த விஷயத்தில் மேல்.

பயிற்சி பெற்ற துணையாளர்கள் இதைச் செய்யும் முறையில் அவசரம் இருக்காது. முதலில் படகின் முன்னும் பின்னும் கட்டி, விளிம்பை மிதவையோடு சேர்த்து இறுக்குவார்கள். கட்டாத படகின் விளிம்பில் கையூன்றினால் படகு விலகும். ஊன்றியவர் இடைவெளியில் விழுவார். நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே பாடப்புத்தகத்தில் இல்லை, காலடியில் இருக்கிறது. தோள் வலுவுள்ளவர் நாற்காலியிலிருந்து வழவழப்பான ஒரு பலகை மேல் நகர்ந்து தளத்துக்கும், தளத்திலிருந்து படகின் விளிம்புக்கும், அங்கிருந்து இருக்கைக்கும் படிப்படியாக இறங்கிவிடுவார். கால்களைத் துணையாளர் தூக்கிக் கொடுப்பார். உணர்ச்சியில்லாத கால் எங்காவது இடித்தாலும் உரசினாலும் உரியவருக்குத் தெரியாது என்பதால் அதற்கென்றே ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

மற்றவர்களுக்குத் துறையில் நட்ட தூக்கி உண்டு. தொடைக்கும் முதுகுக்கும் அடியில் துணியை நுழைத்து, நான்கு மூலையையும் கொக்கியில் மாட்டி, கையால் சுற்றியோ மின்விசையாலோ உயர்த்தி, கரத்தைப் படகுக்கு மேல் திருப்பி இறக்குவார்கள். தொங்கும் அந்தச் சில நொடிகளில் படகு ஆடாமல் இருக்க வேண்டும். அதனால் தூக்கி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. அது நிற்கும் மூலையில் கடந்துபோகும் மோட்டார்ப் படகுகளின் அலை வந்து மோதுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மிதவையே இல்லாத இடத்தில் வேறு உபாயம் செய்கிறார்கள். தள்ளுவண்டியில் ஏற்றிய படகில் தரையிலேயே ஆளை உட்காரவைத்து, சரிவுப் பாதையில் வண்டியோடு நீருக்குள் உருட்டிவிடுவார்கள். படகு மிதந்ததும் வண்டியை உருவிக்கொள்ளலாம்.

காற்றுக்கும் வேளை உண்டு

கற்றுக்கொள்ளும் இடத்தில் காற்றின் வேகத்தைவிடத் திசை முக்கியம். எந்தப் பாய்மரப் படகும் நேராகக் காற்றை எதிர்த்துப் போக முடியாது. காற்றின் இருபுறமும் சுமார் 45 பாகை வரை அதற்குத் தடைப்பகுதி. கடலிலிருந்து கரைக்கு அடிக்கும் காற்றில் படகு துறையோடு ஒட்டிக்கொள்ளும். கரையிலிருந்து கடலுக்கு அடித்தால் போவது சுகம், திரும்புவது பாடு. கரைக்கு இணையாக வீசும் காற்றுதான் வாத்தியாருக்குப் பிடித்த காற்று: பாயின் அமைப்பை அதிகம் மாற்றாமலே போகலாம், வரலாம்.

கரையில் மரவரிசை இருந்தால் நிழலுக்கு நல்லது, பாய்க்கு ஆகாது. தடுப்பு ஒன்றின் பின்னால் அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை காற்று நன்றாகத் தளர்ந்திருக்கும். பத்து மீட்டர் மரங்கள் என்றால் நூறு மீட்டருக்குக் காற்று சுழன்றும் விட்டுவிட்டும் வரும். புதியவர் தட்டுத்தடுமாறும் இடமும் துறைக்குப் பக்கத்து நூறு மீட்டர்தான்.

காற்று நேரம் தவறாமல் வரும் இடங்களும் உலகில் உண்டு. இத்தாலியின் மிகப் பெரிய ஏரியான கார்டாவில் விடியலிலிருந்து முற்பகல் வரை வடக்கிலிருந்து பெலேர் வீசும். மதியத்துக்குப் பிறகு தெற்கிலிருந்து ஓரா கிளம்பும். மலையும் சமவெளியும் வெயிலில் வெவ்வேறு வேகத்தில் சூடாவதன் விளைவு. பார்வையற்றவர்கள் துணையின்றிப் பாய்மரப் படகு ஓட்டும் ஹோமரஸ் முறை இந்த ஏரியில் வளர்ந்தது. பந்தயப் பாதையின் மிதவைகள் ஒவ்வொன்றும் தனித்தனி ஒலி எழுப்பும். படகும் எந்தப் பக்கக் காற்றில் ஓடுகிறதோ அதற்கேற்ப ஒலிக்கும். எதிரே வருபவர் எந்த வாக்கில் வருகிறார், வழி யாருக்கு என்பதைக் காதால் அறிந்துகொள்ளலாம். காற்றின் திசையைக் கன்னமும் காதுமடலும் சொல்லிவிடும். சாய்வை முதுகு சொல்லும். நிலையான காற்றும் இரைச்சல் இல்லாத நீரும் இருந்தால்தான் இது கைகூடும். வெளிச்சம் குறைந்தால் அவர்களுக்குப் பாதகமில்லை; மோட்டார் இரைச்சல் பாதகம்.

உடம்பின் கணக்கு

தண்டுவடம் மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ பாதிக்கப்பட்டவருக்கு அதன் கீழே வியர்வை சுரக்காது. குளிரில் நடுக்கமும் வராது. மூளை அனுப்பும் கட்டளை அங்கே போய்ச் சேர்வதில்லை. வெயிலில் உட்கார்ந்தால் உடம்பு சூடேறிக்கொண்டே போகும், அவர் உணர்வதற்கு முன்பே. நனைந்துவிட்டாலோ நேர்மாறு: நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல்வெப்பத்தை உறிஞ்சும். ஆகவே வெப்பநாட்டு மையத்தில் நிழலும் தெளிக்கத் தண்ணீரும், குளிர்நாட்டு மையத்தில் உடனே சூடாக்கக்கூடிய உடைமாற்றும் அறையும் முதலுதவிப் பெட்டிக்கு நிகரானவை. உணர்ச்சியற்ற தோல் நெடுநேரம் ஒரே இடத்தில் அழுந்தினால் புண்ணாகும். மெத்தை வேண்டும், அடிக்கடி தோலைப் பார்க்கவும் வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டும் எல்லோரையும் ஒரே மாதிரி மிதக்கவைப்பதில்லை. தசை மெலிந்த கால்கள் சிலருக்கு எளிதில் மேலே எழும்பி, உடலை முகம் குப்புறத் திருப்பப் பார்க்கும். கால் ஒன்றை இழந்தவர் ஒரு பக்கமாக உருளலாம். நல்ல மையம் எதுவும் இதை ஊகத்துக்கு விடாது. ஆழமில்லாத நீரில் ஒவ்வொருவரையும் அவரவர் அங்கியோடு மிதக்கவிட்டுப் பார்த்த பிறகே படகில் ஏற்றும்.

பிறகு கழிப்பறை. பெயருக்கு ஒரு கைப்பிடி வைத்த அறை பலருக்குப் பயன்படாது. பெரியவர் படுத்து உடை மாற்ற மேடை, மேலே தூக்கி, இரண்டு துணையாளர் நிற்க இடம் எல்லாம் வேண்டும் என்பதால் பிரிட்டனின் அளவு 3 மீட்டருக்கு 4 மீட்டர். இந்த அறை இல்லாத இடத்தில் கற்க வருகிறவர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார். வெயிலில் அதுவே ஆபத்தாகும்.

எந்த நீர்?

2000-இலிருந்து பாராலிம்பிக்கில் பதக்கப் போட்டியாக இருந்த பாய்மரப் படகு, 2016 ரியோவுக்குப் பின் நீக்கப்பட்டது. போதுமான நாடுகளில் பரவவில்லை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. சின்னப் படகுகளைக் கப்பலில் ஏற்றி எந்த நாட்டுக்கும் அனுப்பலாம். துறையையும் பாலத்தையும் அப்படி அனுப்ப முடியாது. ஒவ்வோர் ஊரும் தன் நீரைப் பார்த்துத் தானே கட்ட வேண்டும்.

தமிழ்நாட்டுக் கரைக்கு இந்தக் கணக்கைப் போட்டால் விடை வேறாக வருகிறது. சென்னையில் ஓத ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். பன்னிரண்டு மீட்டர்ப் பாலமே பெரும்பாலும் போதும். பிரிட்டனை வாட்டும் பிரச்சினை நமக்கு இல்லை. நம் தடைகள் கரையில் உடையும் அலையும், மதியத்தில் கரையை நோக்கி அடிக்கும் கடற்காற்றும், வெயிலும். 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. கடலைப் பார்க்கப் போக அந்தப் பாதை போதும், பழுதுபார்த்துக்கொண்டும் இருக்கலாம். படகு கற்கத் திறந்த கடற்கரை ஆகாது. அலை நுழையாத துறைமுக மூலை, உப்பங்கழி, அணை நீர் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். சென்னையின் பழைய பாய்மரப் படகுச் சங்கமும் துறைமுகச் சுவர்களுக்கு உள்ளேதான் இருக்கிறது.

எந்த ஊரானாலும் தேர்ந்தெடுக்கப் போகிறவர் மையத்தின் விளம்பரப் படங்களை நம்ப வேண்டாம். அவை நீர் நிறைந்த நேரத்தில், காற்று இதமான நாளில் எடுத்தவை. ஓத அட்டவணையையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு, நீர் மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில் போய்ப் பாருங்கள். அந்த நேரத்திலும் யாரையும் கூப்பிடாமல் மிதவையின் விளிம்பு வரை போய்த் திரும்ப முடிந்தால் அங்கேயே பெயரைப் பதிந்துவிடலாம். பாயை எப்போது இழுப்பது, எப்போது தளர்த்துவது என்பதெல்லாம் அங்குள்ள ஆசிரியரின் பொறுப்பு.